கல்லின் மேல் வைத்த மாத்திரை

குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. நைபுகாவின் இடுப்பு அந்த நிலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் பாயை விட்டு எழ முதலில் ஒருக்களித்து, அப்புறம் முழங்கையை ஊன்றி, அப்புறம் கதவுக்காலைப் பிடித்து என்று மூன்று தவணை தேவைப்பட்டது. எழுந்த பிறகும் இடது தொடைக்குள் ஒரு நரம்பு சுண்டிச் சுண்டி இழுக்கும்.

"நண்டாவது ரெண்டு பக்கமும் போவும். நீ ஒரே பக்கமாப் போற" என்றாள் வசேமதா.

அவன் மனைவி. அவளுக்கும் கடைவாய்ப் பல்லில் குடைச்சல். கன்னத்தில் கையை அழுத்திக்கொண்டுதான் சிரித்தாள்.

கண்டாவுத் தீவில் யங்கோனா என்கிற காவாச் செடி வைக்கிறவர்களுக்கு இடுப்பு போவது புதிதில்லை. நல்ல வேர் சமதரையில் வராது. கால் நிற்காத சரிவில்தான் வரும். ஐந்து வருஷம் காத்திருந்து, கடப்பாரையால் கல்லை நெம்பி, வேர் அறுந்துவிடாமல் தோண்டி, ஈரத்தோடு முதுகில் கட்டிக்கொண்டு நாலு ஓடை தாண்டி இறங்க வேண்டும். நைபுகா பதினாலு வயதிலிருந்து இறங்குகிறான். இப்போது நாற்பத்து நாலு.

அந்த வலிக்கு மருந்தும் அதே வேர்தான். சாயங்காலம் இடித்து, தண்ணீரில் பிசைந்து, துணியில் பிழிந்து, மரத்தொட்டியைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆறேழு சிரட்டை இறக்கினால் முதலில் நாக்கு மரக்கும். பிறகு இடுப்பு மரக்கும். ஆனால் அந்தக் கதவை அவனே சாத்திவிட்டிருந்தான். குடி மிஞ்சிப்போய் அவன் தோல் உடும்புத் தோல் போலச் செதில் விட ஆரம்பித்திருந்தது. காலையில் ஒன்பது மணிக்கு எழுந்தான். கொடியில் துணி நனைவது தெரியாமல் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புத்தாண்டு ஆராதனையில் வசேமதா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் போதகர் முன்னால் நிறுத்தினாள். தானும் நின்றாள். "இனிச் சிரட்டையைத் தொட மாட்டோம்" என்று இருவரும் ஊர் கேட்கச் சொன்னார்கள். ஊர் கேட்கச் சொன்னதை ஊருக்குத் தெரியாமல்கூட மீற முடியாது. ஊர் அவ்வளவு சின்னது.

ஆகஸ்டில் தலைநகர் சுவாவிலிருந்து படகு வந்தது. கொலினியோ இறங்கினான். வசேமதாவின் அண்ணன். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்குத் தோல் வாங்கிக்கொடுக்கிறவன். கரையில் கால் வைக்கும் முன்னாலேயே கத்தினான்.

"என்ன மச்சான், இன்னும் உசுரோட இருக்கியா? தங்கச்சி உன்னப் பொதச்சிட்டு எனக்குச் சொல்லாம விட்டுட்டாளோன்னு நெனச்சேன்!"

"பன்னி மோந்து பாத்துட்டுப் போற குப்பைய வாங்க நீ இருக்கறப்ப நான் எப்படிச் சாவறது?"

"குப்பைன்னு நீ சொல்ற. அது கப்பல் ஏறுது. நீ ஏறுனியா?"

"ஏறிட்டா உங்கப்பனுக்கு யாரு சேம்பு தூக்கிக் குடுப்பா?"

மச்சான் மச்சானைக் கேலி செய்யாமல் பேசினால் ஏதோ மனஸ்தாபம் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். இவர்கள் அந்தச் சந்தேகத்துக்கு ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை.

தோல் என்பது சீவல். வேருக்கு மேலே இருக்கும் அடித்தண்டைக் கத்தியால் சுரண்டும்போது விழுவது. கசப்பு, குடித்தால் குமட்டும், தலை இடிக்கும். அதை இடிக்கிறவன் ஒருத்தனும் தீவில் இல்லை. தென்னைக்கு அடியில் குவித்துவிடுவார்கள், அவ்வளவுதான். மூன்று வருஷம் முன்பு வெளிநாட்டுக்காரர்களுக்கு அதுதான் வேண்டும், அதை அரைத்துத் தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரை செய்கிறார்கள் என்று கொலினியோ வந்து சொன்னபோது ஊரே சிரித்தது. வேர் விலையில் பத்தில் ஒன்று. இருந்தாலும் குப்பைக்குக் காசு. யாரும் மறுக்கவில்லை.

நைபுகாவும் மறுக்கவில்லை. போன வருஷம் மார்ச்சில் புயல் வந்தது. கொட்டகை ஓலை பறந்து, முப்பத்தோரு மூட்டைச் சீவலும் நான்கு நாள் நனைந்தது. பிரித்துப் பார்த்தபோது சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை. கடலில் கொட்டியிருக்க வேண்டும். மேலாகக் கிடந்ததை மட்டும் இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி மேலேயே பரப்பி வாயைக் கட்டினான். ஈரம் எடையும் கூட்டியது. கொலினியோ ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டான். எடுத்து மோந்தான். நைபுகாவைப் பார்த்தான். நைபுகா கடலைப் பார்த்தான். மூட்டை தராசில் ஏறியது.

அதைப் பற்றி இருவரும் அதன் பிறகு கேலியாகக்கூடப் பேசிக்கொண்டதில்லை.

இப்போது கொலினியோ அவனைப் படகுக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்ப் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தான். பழுப்புக் கண்ணாடி. மேலே இதய வடிவில் ஒரு இலை வரைந்திருந்தது. யங்கோனா இலைதான், பார்த்ததுமே தெரிந்தது.

"கம்பெனிக்கு அங்கருந்து அனுப்புனது. உனக்குன்னு ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். உன் தோலுதான் மச்சான் இது. கப்பல்ல போயி கோட்டு சூட்டு போட்டுக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"ஜெர்மன்காரன் எழுத்து. யாருக்குத் தெரியும்?"

"எத்தன சாப்புடணும்?"

"ரெண்டு. வலி தூக்குனா இன்னும் ரெண்டு."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்ல."

நைபுகா புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போதகர் முன்னால சொல்லியிருக்கேன்டா."

"என்னன்னு சொன்ன? சிரட்டையத் தொட மாட்டேன்னு. இதுல சிரட்ட எங்க? தொட்டி எங்க? கை தட்டுறவன் எவன்? இடுப்பு போனவன் மருந்து சாப்புடுறான், அவ்வளவுதான். தங்கச்சிகிட்ட மட்டும் காட்டாத. அவ உன்னையும் அடிப்பா, என்னையும் அடிப்பா."

புட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மலைத் தோட்டத்துக் குடிசையின் கூரை ஓலைக்குள் செருகினான்.

தோட்டம் பழைய ஊர் இருந்த இடத்துக்கு மேலே. ஊர் கடற்கரைக்கு இறங்குவதற்கு முன் ஜனங்கள் அங்கேதான் இருந்தார்கள். வீடுகள் போய்விட்டன, வீட்டு மேடுகள் மட்டும் இருக்கின்றன. கல் அடுக்கிய மேடுகள், பாசி மூடி, வரிசையாக. யார் வீடு எது என்று சொல்லத் தெரிந்த கடைசி ஆளும் செத்து வெகுகாலமாயிற்று. அந்தப் பக்கம் போகிறவர்கள் குரல் கொடுத்துவிட்டுத்தான் நுழைவார்கள். நைபுகாவும் தினமும் "வர்றேன், வேலைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவான். பயம் என்று இல்லை. அடுத்தவன் முற்றத்தைக் கடக்கும்போது சொல்வது போல.

முதல் நாள் உச்சிவேளை. வெயில் இலைகளுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவித்த மரவள்ளியும் ஒரு டின் மீனும் தின்று முடித்துக் குடிசை வாசலில் உட்கார்ந்து இரண்டு மாத்திரைகளை வாயில் போட்டு ஓடைத் தண்ணீரை ஊற்றினான். தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது.

கை தட்டும் ஓசை கேட்டது.

மூன்று தடவை. மெதுவாக. உள்ளங்கையைக் குழித்துத் தட்டும் கனத்த தட்டு. ஒருவன் சிரட்டையைக் காலி செய்து கீழே வைத்ததும் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தட்டுகிற தட்டு. வேறெதற்கும் யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள். மேடுகளின் பக்கமிருந்து வந்தது.

"யாரது?" என்றான்.

ஒரு புறா எழுந்து போனது. நெற்று ஏதாவது உதிர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஒரு நெற்று உதிரலாம். மூன்று நெற்று, அவ்வளவு இடைவெளி விட்டு?

அரை மணியில் இடுப்பு இளகியது. தொடைக்குள் இழுத்துக்கொண்டிருந்த நரம்பை யாரோ அவிழ்த்து விட்டதுபோல இருந்தது. அன்று சாயங்காலம் வரை நாற்பது குழி எடுத்தான். இரண்டு மாதத்தில் அத்தனை குழி எடுத்ததில்லை. இறங்கும்போது சீட்டியடித்தான்.

மறுநாளும் இரண்டு. மறுநாளும் மூன்று தட்டு. ஆனால் முந்தின நாள் ஒரு ஜோடிக் கை. இன்று இரண்டு. மூன்றாம் நாள் நாலைந்து. அவன் நன்றாகக் காது கொடுத்துக் கேட்டான். சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்த ஓசை, எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவான். பத்தாம் நாள் ஒரு வீடு நிறைய ஆள் உட்கார்ந்து தட்டுவதுபோல் இருந்தது. தட்டி முடித்ததும் ஒரு அமைதி. அடுத்த சிரட்டை யாருக்கு என்று எல்லோரும் காத்திருக்கும்போது வருமே, அந்த அமைதி.

யாரிடமும் சொல்ல முடியாது. தனியாக யங்கோனா குடிக்கிறவனைப் பற்றி ஊர் ஒன்றுதான் சொல்லும். தனியாக எவனும் குடிப்பதில்லை. தனியாக உட்கார்ந்தவன் கண்ணுக்குத் தெரியாத எதற்கோ ஊற்றுகிறான். அது வந்து உட்காரும். கை தட்டும். முதலில் தன் பங்குச் சிரட்டையைக் கேட்கும். பிறகு வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கேட்கும். சின்ன வயதில் மேற்குக் கரையில் ஒருவன் வீட்டில் ஒரே வருஷத்தில் இரண்டு பிள்ளைகள் செத்தபோது அவன் பாய்க்கடியில் காய்ந்த சிரட்டை கிடந்தது என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அவனை யாரும் அடிக்கவில்லை. அவனோடு யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். அவன் தானாகவே தீவை விட்டுப் போனான்.

'இது மாத்திரை' என்று நைபுகா தனக்குச் சொல்லிக்கொண்டான். 'இதில் சிரட்டை எங்கே?'

பதினோராம் நாள் புட்டி இலேசாக இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சுலுவின் மடியை விரித்து அதன்மேல் கொட்டி எண்ணினான். அறுபதில் இருபது போனால் நாற்பது இருக்க வேண்டும். பதினெட்டு இருந்தது. மறுபடி எண்ணினான். பதினெட்டு.

இருபத்திரண்டு மாத்திரை வேறு யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள்.

குடிசைக்குத் தடம் ஒன்றுதான். இங்கே அவனைத் தவிர ஏறுகிறவள் வசேமதா ஒருத்தி. தினமும் காலையில் களை வெட்ட வருவாள். அவன் வாய்க்கால் பக்கம் நிற்பான். அவளாக இருக்கும் என்று அவனுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. போதகர் முன் இழுத்துக்கொண்டு போனவளே அவள்தானே.

தன் பங்கைக் கேட்கிறது, கேட்காமலே எடுத்துக்கொள்கிறது என்று நினைத்தான். நாமாகக் கொடுத்துவிட்டால் புட்டியைத் தொடாது. அதற்கு மேலேயும் கேட்காது.

இரண்டு மாத்திரைகளை எடுத்துக்கொண்டு குடிசைக்கு மிக அருகில், தடத்தோரம் இருந்த மேட்டுக்குப் போனான். தட்டையான ஒரு கல்லைத் துடைத்து அதன்மேல் வைத்தான். "இது உனக்கு" என்றான். "வீட்டுப் பக்கம் வராத."

மறுநாள் கல் வெறுமையாக இருந்தது. எறும்பு இல்லை, தூள் இல்லை. மறுபடி இரண்டு வைத்தான். அதுவும் போயிற்று. புட்டியில் அதன் பிறகு அவன் எடுத்தது மட்டும்தான் குறைந்தது. சரியாகச் செய்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி வந்தது அவனுக்கு. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அவன் உடம்பு கூசுவது அந்த நிம்மதிக்குத்தான்.

புட்டி தீர்ந்தது. தட்டும் நின்றது. அவனுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. மீன் வாடை குமட்டியது. மூத்திரம் தேயிலைச் சாயமாகப் போனது. வெயில் என்று விட்டுவிட்டான். வசேமதாவும் சரியாகச் சாப்பிடவில்லை. களை வெட்டப் போனவள் பாதியில் உட்கார்ந்தாள். ராத்திரியும் பகலும் கையையும் காலையும் சொறிந்தாள்.

"பல்லு வலி உடம்பெல்லாம் எறங்கிருச்சுய்யா" என்றாள்.

"பல்ல புடுங்குடின்னா கேக்கறியா?"

"நீ உன் இடுப்பப் புடுங்கிப் போடு, நான் பல்லப் புடுங்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தாள். வெள்ளைச் சட்டை. வெயில் நேராக முகத்தில் விழுந்தது. நைபுகா அவள் கண்ணைப் பார்த்தான். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் பழுத்த பப்பாளியின் நிறம்.

அவனுக்கு முதலில் வந்த நினைப்பு ஆஸ்பத்திரி இல்லை. கல். அது கேட்டது மாத்திரை இல்லை என்பதுதான்.

ஊர்த்தலைவரின் படகை வாங்கிக்கொண்டு அடுத்த வளைகுடாவிலிருந்த சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். சிஸ்டர் உனாய்சி வசேமதாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். விலாவுக்குக் கீழே வலது பக்கம் அழுத்தினாள். வசேமதா கத்தினாள்.

"என்னென்ன மாத்திர சாப்புடறீங்க அக்கா?"

"பல்லு வலிக்கு பனடால் மாத்திரதான்."

"ஒரு நாளைக்கு எத்தன?"

"வலிக்கறப்ப. ரெண்டு. அப்பறம் ரெண்டு. பத்து இருக்கும்."

"பத்தா? கடைல விக்கிறான்னு மிட்டாய் மாதிரித் திங்கறதா? எத்தன நாளா?"

"ஒரு மாசம்."

உனாய்சி பேனாவைக் கீழே வைத்தாள். "வேற? நாட்டு மருந்து, எல, வேரு, எதாவது?"

நைபுகா சுலு மடிப்பிலிருந்து காலிப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். ஏன் எடுத்து வந்தான் என்று அவனுக்கே தெரியாது. மலையில் விட்டுவர மனம் வரவில்லை.

"இது நான் சாப்பிட்டது சிஸ்டர். இவ இல்ல. இதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் தனியா…"

"நானும்தான் சாப்பிட்டேன்" என்றாள் வசேமதா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

"ஓலைக்குள்ள இருந்துச்சு. நீ வாக்க மீறுறன்னு முதல்ல கோவம் வந்துச்சு. அப்பறம் பல்லு தாங்கல. ரெண்டு போட்டேன், நாக்கு மரத்தாப்புல பல்லும் மரத்துருச்சு. நீ என்கிட்ட மறைக்கிற, நான் உன்கிட்ட மறைக்கிறேன், சரிக்குச் சரின்னு விட்டுட்டேன்." அவள் மூச்சு வாங்கினாள். "அப்பறம் நீ கண்டுபிடிச்சிட்ட. ஆனா ஒரு வார்த்த கேக்கல. தெனம் ரெண்டு எனக்குன்னு கல்லு மேல வெச்ச பாரு… அன்னிக்கு நான் அழுதுட்டேன்ய்யா. இத்தன வருசத்துல நீ கேக்காம எனக்கு ஒண்ணு எடுத்து வெச்சது அதுதான்."

நைபுகாவுக்கு உட்கார இடம் தேவைப்பட்டது. உட்கார்ந்தான்.

"கை தட்டுனதும் நீயா?" என்றான்.

"எந்தக் கை?"

உனாய்சி புட்டியைக் கவிழ்த்தாள். அடியில் ஒரு மாத்திரையின் உடைந்த கூடு ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து விரலில் தூளைக் கொட்டி மோந்து பார்த்து, அவன் பக்கம் நீட்டினாள். அவன் மோந்தான். போன வருஷம் மார்ச்சில் அவன் கொட்டகையில் அடித்த வாடை. புயல் முடிந்து மூட்டை வாயைப் பிரித்தபோது முகத்தில் அடித்த அதே வாடை.

"இது வேரோட வாசன இல்லையே அண்ணே" என்றாள் உனாய்சி.

"தோலு. என் தோலு."

அப்போதுதான் முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னான். முப்பத்தோரு மூட்டை, நாலு நாள் மழை, மேலே பரப்பிய காய்ந்த சீவல். அவன் மூட்டைதானா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவனுக்கு மூக்கு இருந்தது.

"இவளுக்கு இதனாலதானா?"

"தெரியாதுண்ணே. நம்ம ஆளுங்க காலங்காலமா வேரக் கரைச்சுக் குடிக்கிறாங்க. தோலு சொறியும், சோம்பேறி ஆவாங்க, ஈரல் இப்படிப் போயி நான் அதிகம் பாத்ததில்ல. ஆனா இது தண்ணில கரைச்ச வேரு இல்ல. தோலு. அதுல பூசணம். அங்க எதுல ஊறவெச்சாங்களோ, எவ்வளவு சுண்ட வெச்சாங்களோ. கூடவே பத்து பனடால். எது செஞ்சதுன்னு நான் எப்படிச் சொல்ல? எல்லாத்தையும் செமந்தது ஒரே ஈரல்." அவள் புட்டியின் எழுத்தை விரலால் தொட்டாள். "யாருக்கு ஆகாது, எதோட சேரக் கூடாது, எத்தனைக்கு மேல கூடாதுன்னு இதுல எழுதியிருப்பான். படிக்கத் தெரிஞ்சவன் கைல அது போவல. உங்களுக்கும் கண்ணு லேசா மஞ்சளாத்தான் இருக்கு. ரத்தம் எடுக்கணும். கையக் காட்டுங்க."

அன்று மதியமே வசேமதாவை சுவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஏழு வாரம். நடுவில் ஒன்பது நாள் அவள் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தாள். நைபுகாவை "தம்பி, படகு வந்துச்சா?" என்று கேட்டாள். அவன் ஒவ்வொரு முறையும் "இன்னும் வரல, தூங்கு" என்றான். வந்துவிட்டது என்று வாய் தவறிச் சொன்னாலும் அவள் ஏறிப் போய்விடுவாள் என்று நாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தான்.

பத்தாம் நாள் அவள் அவனைப் பார்த்து, "ஏன்யா சொறிஞ்சுகிட்டே நிக்கற? குளிச்சியா?" என்றாள். அவன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் தலையை வைத்து நின்றான்.

பிழைத்தாள். வேரும் சேம்பும் சுமக்க இனி ஆகாது என்றார்கள். டிசம்பரில் ஊருக்குத் திரும்பினாள்.

செய்தது தெரியாமல் செய்ததா தெரிந்து செய்ததா என்பது பிறகு. பெண்ணுக்குக் கேடு வந்தால் அவள் பிறந்த வீட்டாரிடம் திமிங்கலப் பல் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நைபுகாவின் அப்பா விட்டுப்போனது இரண்டு பல். ஒன்றை எண்ணெய் தடவித் துடைத்து எடுத்துக்கொண்டு மதியம் மாமனார் வீட்டுக்குப் போனான். வாசலிலேயே மண்டியிட்டு இரண்டு கையாலும் நீட்டினான். மூட்டையைச் சொன்னான். புட்டியைச் சொன்னான். கல்லின் மேல் வைத்ததையும் எதற்காக வைத்தான் என்பதையும் சொன்னான். வீட்டில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மேற்குக் கரைக்காரனுக்கு நடந்ததுபோல எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் அவன் நினைத்தான்.

மாமனார் வெகுநேரம் பல்லைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "உள்ள வந்து ஒக்காரு" என்றார்.

கொலினியோ மூலையில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் கேலி ஒன்றும் பேசவில்லை. வேர் பிழிந்தார்கள். நைபுகாவும் வசேமதாவும் வாக்கு கொடுத்தவர்கள் என்பதால் அவர்களுக்குச் சிரட்டை வரவில்லை.

"புட்டி நான் குடுத்தது" என்றான் கொலினியோ, தொட்டியைப் பார்த்து. "கம்பெனி மூடிட்டாங்க மச்சான். அங்க இத விக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்களாம். நெறயப் பேருக்கு ஈரல் போயிருக்கு. ஒரு பொம்பள செத்துட்டா. பள்ளிக்கூடத்து டீச்சராம். தூக்கம் வரலன்னு சாப்பிட்டிருக்கா. தனியா இருந்தவ."

"எந்த ஊரு?"

"தெரியல."

"பேரு?"

"சொல்லல மச்சான். தந்தில ஒரு வரிதான் இருந்துச்சு."

சிரட்டை கொலினியோவிடம் வந்தது. ஒருமுறை கை தட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்துக் கீழே வைத்தான். சுற்றியிருந்தவர்கள் மூன்று முறை தட்டினார்கள். வீடு அதிர்ந்து அடங்கியது.

அதற்குப் பிறகு, மலைப் பக்கமிருந்து, மூன்று தட்டு வந்தது. பிந்தி. நிறையக் கைகள். ஒன்றோடொன்று சேராத கைகள். பழகாதவர்கள் தட்டுவதுபோல, தனித்தனி அறையில் தனித்தனியாக உட்கார்ந்து எப்போது தட்டுவது என்று தெரியாமல் தட்டுகிறவர்களைப்போல. பழைய ஊர்க்காரர்கள் அப்படித் தட்ட மாட்டார்கள். அவர்களுக்குத் தாளம் தெரியும்.

தொட்டியைச் சுற்றி இருந்தவர்கள் அடுத்த சிரட்டைக்குக் காத்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் மாற்றமில்லை. வசேமதா மட்டும் தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"எந்தக் கைன்னு கேட்டேன்ல" என்றாள் மெதுவாக. "இதுவா?"

நைபுகா ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

இரண்டாவது பல் இன்றைக்கும் வீட்டு விட்டத்தில் துணி சுற்றித் தொங்குகிறது. வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி எண்ணெய் தடவுகிறான். முப்பத்தோரு மூட்டைக்காக அந்த டீச்சரின் வீட்டாருக்கு நைபுகா ஒரு திமிங்கலப் பல் கடன்பட்டிருக்கிறான். எந்த வாசலில் போய் மண்டியிடுவது என்று தெரியாததால் அதை இன்னும் கொடுக்கவில்லை.